கேட்பாரற்ற முதல் செமஸ்டர்

அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிற ஒரு மாணவரின் நாள் அவர் கையில் இருப்பதில்லை. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், பிறகு பிரேயர், வரிசையாகப் பீரியடுகள், சாயங்காலம் மறுபடி டெஸ்ட். எந்தப் பாடத்தை முதலில் முடிப்பது, புக் பேக் ஒரு மார்க் கேள்விகளை எத்தனை தடவை எழுதிப் பார்ப்பது என்பதையெல்லாம் ஆசிரியர்தான் முடிவு செய்கிறார். இரண்டு நாள் வராவிட்டால் அதே தெருப் பிள்ளையிடம் சொல்லியனுப்பி விசாரிப்பார். திருப்புதல் தேர்வில் 35ஐத் தொடாதவர்களைத் தனியே உட்காரவைத்துத் திரும்பத் திரும்ப எழுத வைப்பார். கோபித்துக்கொண்டாலும் அடுத்த நாள் அதே கேள்வியோடு வந்து நிற்பார்.

சில மாதங்கள் கழித்து அதே மாணவர் வேறு மாவட்டத்தில், ஒரு பொறியியல் கல்லூரி வகுப்பில், அறுபது பேரில் ஒருவராக உட்கார்ந்திருக்கிறார். இங்கே மூன்று நாள் வராவிட்டால் அட்டெண்டன்ஸ் சதவீதம் குறையும். 75க்குக் கீழே போனால் ஹால் டிக்கெட்டுக்குச் சிக்கல் வரும். ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்காது.

பள்ளியையும் கல்லூரியையும் ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சுதந்திரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். யூனிஃபார்ம் இல்லை, கலர் டிரஸ், கேன்டீன், நண்பர்கள். பட்டம் படித்த அப்பா அம்மா இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது சுதந்திரம்தான். தடுமாறினால் தாங்கிப் பிடிக்க வீட்டில் ஆள் உண்டு. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பிள்ளைக்கோ, பன்னிரண்டு வருஷம் தன்னை விடாமல் விசாரித்துக்கொண்டிருந்த ஒரே மனிதக் கூட்டம் திடீரென்று இல்லாமல் போகிறது. இரண்டு வாழ்க்கைக்கும் உள்ள வேறுபாடுகளில் இதைவிடப் பெரியதாக எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகள் இன்று ஏராளம். 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 47 சதவீதம்; இந்தியா முழுவதற்கும் அது 28.4தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின.

அந்த ஆயிரம் ரூபாயைச் சிறு தொகை என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. அது மாணவியின் சொந்த வங்கிக் கணக்கில் விழுகிறது. செமஸ்டர் பரீட்சைக் கட்டணமோ, ஜெராக்ஸ் செலவோ, சானிட்டரி நாப்கினோ, எதற்கும் அப்பாவிடமோ அண்ணனிடமோ கை நீட்டாமல் முடிவெடுக்க அது வழி செய்கிறது. பள்ளி நாட்களில் பஸ் பாஸ், சைக்கிள், புத்தகம் எல்லாம் பொருளாகவே வந்தன. கல்லூரியில் மாதாமாதம் பணமே அவள் பெயரில் வருகிறது.

வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கிற வேலையைத் தமிழ்நாடு நன்றாகவே செய்திருக்கிறது. எனக்குள்ள கவலை வாசலைத் தாண்டிய பிறகு வரும் முதல் ஆறு மாதத்தைப் பற்றியது.

பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இந்த மூன்று பாடங்களிலும் நன்றாக எழுதித்தான் பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் முதல் செமஸ்டரிலும் கணிதம், இயற்பியல், வேதியியல் இருக்கின்றன. கூடவே கணினி நிரல் எழுதும் தாள், ஆங்கிலத் தாள், தமிழர் மரபு என்ற தாள். பாடங்களின் பெயர் பழையதுதான், ஆனால் அவை வருகிற மொழியும் வேகமும் புதியவை. அணி, தொகையீடு, வகைக்கெழு என்று பழகிய தமிழ்வழி மாணவர் மேட்ரிக்ஸ், இன்டெக்ரல், டெரிவேட்டிவ் என்ற சொற்களைக் கேட்டு, தெரிந்த கணக்கையே தெரியாததாக நினைத்துத் திகைக்கிறார். பள்ளியில் ஒரு பாடத்தை ஒரு வருஷம் ஊறப்போட்டுப் படித்தார். இங்கே ஐந்து யூனிட்டும் ஏறக்குறைய நான்கு மாதத்தில் ஓடிவிடுகின்றன. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. ஆனாலும் வேலை கிடைக்காதோ என்ற பயத்தில் பெரும்பாலானோர் ஆங்கிலவழியையே எடுக்கிறார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது.

வகுப்பில் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்பதற்கே ஆங்கிலம் வேண்டும் என்று அந்தப் பிள்ளை நினைக்கிறது. தமிழில் கேட்டால் பக்கத்து பெஞ்ச் திரும்பிப் பார்க்குமோ என்று கூசுகிறது. தவிர, கேள்வி கேட்பதை நம் பிளஸ் டூ வகுப்பறை அதற்குக் கற்றுத் தந்ததே இல்லை. கேட்கப்படும் கேள்விக்குப் பதில் எழுதத்தான் பழக்கியது.

யூனிஃபார்ம் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பள்ளியில் எல்லோரும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். யார் வீட்டில் எத்தனை உடுப்பு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. கல்லூரியில் வாரத்துக்கு ஐந்து நாள், புதன்கிழமைக்குள் தெரிந்துவிடுகிறது. தீபாவளிச் சட்டையும் அண்ணன் சட்டையும் மாறி மாறி வருவதை அந்த வயதுப் பிள்ளைகள் கவனிப்பார்கள். வகுப்புக்கு வராமல் விடுதி அறையிலேயே கிடப்பவர்களில் சிலருக்கு இதுவும் ஒரு காரணம். அதை எந்த விடுப்புக் கடிதத்திலும் அவர்கள் எழுதமாட்டார்கள்.

தனியார் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் சுதந்திரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சட்டையை இன் பண்ணு, ஷூ போடு, ஐ.டி. கார்டைக் கழற்றாதே, ஆணும் பெண்ணும் நின்று பேசாதே, செல்போனைக் கொடுத்துவிட்டுப் போ. பள்ளியைவிடக் கெடுபிடி அதிகம். ஆனால் பள்ளி ஆசிரியர் திட்டியபோது அதற்குள் ஒரு அக்கறை இருந்தது. பிள்ளை எந்தப் பாடத்தில் நொண்டுகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இங்கே அந்தக் கெடுபிடி மட்டும் தொடர்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய, ஓட்டுப் போடும் உரிமை உள்ள ஒருவரை இப்படி நடத்துவது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

அரசுக் கலைக் கல்லூரிகளின் நிலைமை வேறு. பல கல்லூரிகளில் ஷிப்ட் முறை இருப்பதால் பாதி நாள் ஓய்வு கிடைக்கிறது. அந்தப் பாதி நாளில் துணிக்கடை, மெடிக்கல் ஷாப், கேட்டரிங், உணவு டெலிவரி என்று சம்பாதித்து வீட்டுக்கும் கொடுத்துப் படிக்கிறவர்கள் நிறைய. இவர்கள் சோம்பேறிகள் என்று பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. இதே கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களை நம்பித்தான் பல துறைகள் ஓடுகின்றன. அடுத்த வருஷம் தன் வேலையே நிச்சயமில்லாத ஆசிரியர், மாணவரை மூன்று வருஷம் கூடவே இருந்து கவனிப்பது எப்படி?

முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும்போது இதெல்லாம் சேர்ந்து வெளியே தெரிகிறது. பள்ளியில் 35 எடுத்தால் பாஸ். பொறியியலில் 50 வேண்டும். பள்ளியில் 80, 90 வாங்கிய பிள்ளை இரண்டு அரியரோடு நிற்கிறது. அரியர் என்றால் என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பிளஸ் டூவில் ஃபெயில் என்றால் ஊருக்கே தெரிந்த அவமானம். அதே கண்ணோடு பார்ப்பார்களோ என்று பயந்து பிள்ளை மறைக்கிறது. 'பாஸ்தாம்மா' என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் அடுத்த செமஸ்டரில் அதைக் காப்பாற்ற இன்னும் இரண்டு பொய் வேண்டியிருக்கிறது. உண்மையில் அரியர் என்பது அடுத்த பரீட்சையோடு சேர்த்து மறுபடி எழுதக்கூடிய ஒரு தாள். அதை எழுதித் தேறி, நல்ல வேலையில் இருக்கிறவர்கள் எத்தனையோ பேர். இந்த ஒரு விவரத்தைப் பெற்றோருக்குத் தமிழில், சேர்க்கை நாளன்றே சொல்லிவிடலாம். கட்டண விவரத்தை அச்சடித்துத் தருகிற கல்லூரிக்கு இன்னொரு தாள் அச்சடிப்பது கஷ்டமா?

முதலாண்டு மாணவர்களுக்கு மூன்று வார அறிமுக நிகழ்ச்சி நடத்தும்படி அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏ.ஐ.சி.டி.இ.) வழிகாட்டியிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். அதைச் சிறப்பு விருந்தினர்களின் தன்னம்பிக்கைச் சொற்பொழிவுகளால் நிரப்பிவிட்டால் மட்டும் பயனில்லை. பொன்னாடைக்குச் செலவாகும் நேரத்தில், அதே மாதிரிப் பள்ளியிலிருந்து வந்து அதே அரியர்களைத் தாண்டிய மூன்றாம் ஆண்டு அக்காவையும் அண்ணனையும் பத்துப் பத்துப் பேரோடு உட்காரவைக்கலாம். ராகிங் பயத்தால் சீனியர்களிடமிருந்து முதலாண்டுப் பிள்ளைகளைப் பிரித்தே வைத்துப் பழகிவிட்டோம். 1996இல் நடந்த ஒரு மருத்துவ மாணவரின் கொலைக்குப் பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அந்த எச்சரிக்கை அவசியமானது. ஆனாலும் ஆசிரியர் முன்னிலையில், பகலில், வகுப்பறையில் இந்தச் சந்திப்பு நடக்கத் தடையேதும் இல்லை.

வகுப்பு ஆலோசகர் என்றும் மென்டர் என்றும் பல கல்லூரிகளில் ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் பொறுப்பில் இருபது மாணவர் இருந்தாலும் அவர் செய்ய வேண்டியது பெரிய வேலையில்லை. முதல் இன்டர்னல் தேர்வு முடிந்ததும் யார் எந்தத் தாளில் பின்தங்கினார்கள் என்ற பட்டியல் அவர் மேசைக்கு வந்துவிடுகிறது. அட்டெண்டன்ஸ் பதிவும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான்கைந்து பெயர்கள் தேறும். அவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, தமிழில், என்ன புரியவில்லை என்றும் மத்தியானம் சாப்பிட்டாயா என்றும் கேட்க வேண்டும். செமஸ்டர் பரீட்சைக்கு அப்போதும் சில வாரங்கள் மீதமிருக்கும்.