உப்புப் படகுக்கார மாயாண்டி சொல்வது பொய்யா?

நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, வாயாலேயே கதை கட்டி விளையாடும் ஆட்டம் ஒன்று உண்டு. ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் வைத்தியர். ‘இப்போது நான் கதவைத் தட்டுகிறேன்’ என்று சொன்னால் போதும், கதை நகரும். தட்டியது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. கதையை நடத்துபவர் கேம் மாஸ்டர். வழியில் எதிர்ப்படும் கடைக்காரர், காவலாளி, பாட்டி எல்லோருக்கும் அவரே குரல் கொடுப்பார். இந்தப் பாத்திரங்களை என்.பி.சி. என்பார்கள்.

இன்று நாம் ஓர் என்.பி.சி.யை உருவாக்கப் போகிறோம். பார்த்தால் நம்பலாமா கூடாதா என்று தெரியாத ஆசாமி. இடம், சென்னையில் நம் மந்தைவெளி.

மந்தைவெளி ரயில் நிலையத்தை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது அல்லவா? கூவம் ஆற்றையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தப் பகுதியை, 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தின்போது, பசியால் வாடிய மக்களுக்குக் கூலி தருவதற்காக வெட்டினார்கள். பிறகு பல ஆண்டுகள் உப்பும் விறகும் இதன் வழியாகப் படகில் வந்தன. நம் கதை நடப்பது 1880-இல். மழையை வரவழைக்கும் மாயச் சங்கு ஒன்று காணாமல் போய்விட்டது. கரையில் உப்புப் படகோடு நிற்கிறார் மாயாண்டி.

அவரை எப்படிக் காட்டுவது? கறுப்புப் போர்வை, கன்னத்தில் வெட்டுத் தழும்பு, கண்ணைப் பார்த்துப் பேசாத பார்வை என்றுதானே உடனே தோன்றுகிறது? அங்கேதான் அறிவியல் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

பொய் சொல்பவர் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார் என்று உலகின் பல நாடுகளிலும் மக்கள் நம்புகிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் சோதித்தபோது அது நம்பகமான அடையாளம் அல்ல என்று தெரிந்தது. கூச்சப்படுபவரும் தலையைக் குனிவார். தேர்ந்த பொய்யர் நேராகப் பார்த்தே பேசுவார். பேசுவதைப் பார்த்தும் கேட்டும் மட்டுமே பொய்யைக் கண்டுபிடிக்க முடியுமா என்று நடந்த ஏராளமான ஆய்வுகளை சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற உளவியலாளர்கள் 2006-இல் தொகுத்துக் கணக்கிட்டார்கள். மனிதர்களின் கணிப்பு 100-க்குச் சுமார் 54 முறைதான் சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்த்துச் சொன்னாலே 50 வந்துவிடும்! ஆகவே மாயாண்டிக்குத் தழும்பு வேண்டாம். தழும்பு உள்ளவர் கெட்டவர் என்று நினைப்பது கதையிலும் தவறு, வாழ்க்கையிலும் தவறு.

முகத்துக்குப் பதிலாக அவருடைய மனத்தைக் கட்டுவோம். அதற்கு மூன்று கேள்விகள். அவருக்கு என்ன தெரியும்? சங்கு எங்கே இருக்கிறது என்று தெரியும். அவருக்கு என்ன வேண்டும்? வட்டிக்காரரிடம் அடகில் இருக்கும் படகை மீட்க வேண்டும். எதை மறைக்கிறார்? உப்பு மூட்டைக்குள் இருக்கும் சங்கை.

அடுத்தவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று யோசிப்பது பெரிய திறமை. 1983-இல் ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர் இருவரும் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வரும் பையன் எங்கே தேடுவான்? மிகச் சின்னக் குழந்தைகள் புதிய அலமாரியைக் காட்டினார்கள். தங்களுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று நினைத்தார்கள். நாலைந்து வயதுக்கு மேல்தான், ‘பாவம், அவனுக்குத் தெரியாதே!’ என்ற யோசனை பலருக்கும் வருகிறது. கேம் மாஸ்டர் எப்போதும் இந்த யோசனையோடு இருக்க வேண்டும். மாயாண்டிக்குத் தெரிந்தது எது, ஆடுபவர்களுக்குத் தெரிந்தது எது என்று தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பொய்யை எப்படிப் பிடிப்பது? பொய் சொல்பவரின் மூளைக்கு வேலை அதிகம். நடந்ததை மறைக்க வேண்டும், நடக்காததைப் புனைய வேண்டும், சொன்னதை மறக்காமலும் இருக்க வேண்டும். கதையைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லச் சொன்னால் பொய் சொல்பவர் கூடுதலாகத் தடுமாறலாம் என்று ஆல்டர்ட் வ்ரே என்ற உளவியலாளரின் குழு சோதித்துப் பார்த்தது. நாமும் கேட்டுப் பார்ப்போம்.

“அண்ணே, நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க?”

“எண்ணூர்ல உப்பு ஏத்தினேன். நேரா இங்க வந்தேன். படுத்துட்டேன் தம்பி.”

“படுக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?”

“சாப்பிட்டேன்.”

“எங்கண்ணே?”

“அடையாத்துக் கரையில.”

வரைபடத்தை எடுங்கள். எண்ணூர் வடக்கே இருக்கிறது. அங்கிருந்து வரும் படகு முதலில் மந்தைவெளிக்கு வரும். அடையாறு இன்னும் தெற்கே. நேராக இங்கே வந்தவர் அடையாற்றங்கரையில் எப்படிச் சாப்பிட்டார்? முகம் காட்டாததை வரைபடம் காட்டிவிட்டது.

முகத்தைவிட நல்ல கேள்வி உதவும் என்பதைப் பகடையிலும் கொண்டுவரலாம். இந்த ஆட்டத்துக்கு 20 முகப் பகடை உண்டு. முகம் ஒவ்வொன்றும் சமபக்க முக்கோணம். ஒவ்வோர் எண்ணும் விழ 100-க்கு 5 வாய்ப்பு. முகத்தை மட்டும் பார்த்து ‘இவர் பொய் சொல்கிறார்’ என்பவருக்கு, 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்று விதி வையுங்கள். 10 முதல் 20 வரை 11 எண்கள். 100-க்கு 55 வாய்ப்பு. ஆய்வு சொன்ன 54-க்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம்! நல்ல கேள்வி கேட்டவருக்கு 7 விழுந்தாலே போதும் என்று வையுங்கள். 14 எண்கள், வாய்ப்பு 70 ஆகிவிடும். யோசித்துக் கேட்டதற்கு விதியே பரிசு தருகிறது.

இன்னொன்று. மறைப்பவர் எல்லோரும் கெட்டவர் அல்ல. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வரும் ஆழ்வார்க்கடியான் தடியோடு திரிவான், போகிற இடமெல்லாம் வம்பு வளர்ப்பான், இருட்டில் மதில்மேல் எட்டிப் பார்ப்பான். கதைநாயகன் வந்தியத்தேவனுக்கு அவன்மேல் சந்தேகம். ஆனால் அவன் சோழ நாட்டு முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன். மாயாண்டியும் சங்கைத் திருடர்களிடமிருந்து காப்பாற்ற ஒளித்து வைத்திருக்கலாம். படகை மீட்க விற்கவும் நினைத்திருக்கலாம். அதை முடிவு செய்வது நீங்கள்தான்.

நிஜ வாழ்க்கையில் உண்மை சொல்பவரும் பின்னாலிருந்து சொல்லும்போது தடுமாறுவார். அதனால் தடுமாற்றத்தை மட்டும் வைத்து நண்பர்மேல் பழி போடக் கூடாது. சான்றைத் தேடுங்கள், கிடைக்கும்வரை அவரை நம்புங்கள்.

இந்த விடுமுறையில் உங்கள் தெருவை வைத்து ஓர் என்.பி.சி. உருவாக்குங்கள். அவருக்குத் தெரிந்தது, வேண்டியது, மறைப்பது மூன்றையும் மூன்று வரியில் எழுதுங்கள். பிறகு, ஊர் வரைபடத்தைப் பார்த்தால் மட்டுமே பிடிபடும் பொய் ஒன்றை அவர் பேச்சில் வையுங்கள்.