கார்னிட்டைன்

கார்னிட்டைன் என்பது நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உயிரணுவின் இழைமணிகளுக்குள் கொண்டு சேர்க்கும் சேர்மம் ஆகும். அங்கு அவை ஆக்சிசனேற்றமடைந்து ஆற்றல் தருகின்றன. 1905 ஆம் ஆண்டில் இறைச்சியில் கண்டறியப்பட்ட இதன் பெயர், இறைச்சியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

தாவர உணவுகளில் இது மிகக் குறைவு. எனினும் உடலே லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்களிலிருந்து இதை உருவாக்கிக் கொள்வதால் சைவ உணவு உண்போருக்கும் பொதுவாகக் குறைபாடு ஏற்படுவதில்லை.

உடற்பயிற்சியும் மாத்திரைகளும்

உடலிலுள்ள கார்னிட்டைனில் சுமார் 95% தசைகளில் உள்ளது. இரத்தத்தைவிடத் தசையில் செறிவு மிக அதிகமென்பதால், சில வாரங்கள் மாத்திரை மட்டும் உண்பதால் தசையின் அளவு உயர்வதில்லை. 2011 இல் வெளியான நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வில், மிகுதியான மாவுச்சத்துடன் 24 வாரங்கள் உட்கொண்டவர்களுக்கு அது 21% உயர்ந்தது. நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் குமட்டல், வயிற்றுப்போக்கு, உடலில் மீன் வாடை ஆகியன ஏற்படலாம்.