பஞ்சுக் கணக்கும் நம் கடைக் கணக்கும்

தைப்பூசமும் பங்குனி உத்திரமும் முடிந்து பக்தர் கூட்டம் குறைந்தபின், பழனி வட்டாரத்துப் பலசரக்குக் கடைகளைத் தாங்குபவர்கள் உள்ளூர்ச் சம்பளக்காரர்களே. அவர்களில் பலர் திண்டுக்கல், வேடசந்தூர், உடுமலை பக்கத்து நூற்பாலைகளையும் திருப்பூர் பனியன் கம்பெனிகளையும் நம்பியிருப்பவர்கள். மில்லில் ஒரு ஷிப்ட் குறைந்தால் நம் கடன் நோட்டில் பாக்கி ஏறிவிடும். ஆகவே பஞ்சு, நூல் ஏற்றுமதி பற்றி டில்லியில் நடக்கும் பேச்சு நமக்குச் சம்பந்தமற்றது என்று இருந்துவிட முடியாது.

1974 முதல் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் நம் ஜவுளிக்குக் கோட்டா விதித்து வந்தன. உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கைப்படி 2005 ஜனவரி 1-ல் அது ஒழிந்தது. அதன்பின் கட்டுப்பாடு வந்தது நம் அரசிடமிருந்தே. 2010 ஏப்ரலில் பஞ்சு ஏற்றுமதிக்கான பதிவு நிறுத்தப்பட்டது. 2010-11-க்கு நூல் ஏற்றுமதி வரம்பு 72 கோடி கிலோ என்றானது. நூல் விலை தாங்காத திருப்பூர் உற்பத்தியாளர்கள் கட்டுப்பாட்டைக் கேட்டனர், நூற்பாலைகள் எதிர்த்தன. 2011 ஏப்ரலில் வரம்பு நீங்கியபோது பஞ்சு விலையும் சரியத் தொடங்கியிருந்தது. நூல் தேங்கி, தமிழக மில்கள் பல உற்பத்தியைக் குறைத்தன.

மறு ஆண்டில் கணக்கே சிக்கலாயிற்று. ஏற்றுமதிக்கு மிஞ்சும் பஞ்சு 84 லட்சம் பேல் (ஒரு பேல் 170 கிலோ) என்பது அரசின் மதிப்பீடு. 2012 மார்ச்சுக்குள் சுமார் 94 லட்சம் பேல் கப்பலேறிவிட்டது. பதிவானதோ ஏறத்தாழ 120 லட்சம். மார்ச் 5-ல் தடை வந்தது. தம்மைக் கலந்து பேசவில்லை என்று வேளாண் அமைச்சர் சரத் பவாரே ஆட்சேபித்தார். ஒரு வாரத்திலேயே தடை விலக்கப்பட்டது. அந்தப் பருவம் முடிந்தபோது ஏற்றுமதி 130 லட்சம் பேலை நெருங்கியிருந்தது. முதல் மதிப்பீடு எவ்வளவு பிசகு என்பது அப்போது விளங்கியது.

ஆர்டர் எடுத்த சரக்கு வேறு, லாரி ஏறிய சரக்கு வேறு, குடோனில் இருக்கும் சரக்கு வேறு. இம்மூன்றையும் குழப்பிக்கொண்டு எந்த வியாபாரியும் கொள்முதல் செய்யமாட்டான். அரசு மட்டும் செய்யலாமா?

இது ஜவுளியோடு நிற்பதுமல்ல. 2023 ஜூன் 2-ல் துவரை, உளுந்துக்கு இருப்பு வரம்பு வந்தது. சில்லறைக் கடைக்கு 5 டன். மொத்த வியாபாரிக்கு 200 டன். செப்டம்பரில் மொத்த வியாபாரியின் வரம்பு 50 டன்னாகக் குறைந்தது. நாம் பதியும் இருப்புக் கணக்கை வைத்துத்தான் இத்தகைய முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

விவசாயி பக்கமா, மில் பக்கமா, பனியன் கம்பெனி பக்கமா என்பதில் நாம் வழக்காட வரவில்லை. மூவரும் நம் வாடிக்கையாளர்களே. நாம் கேட்பது இரண்டு: தடை விதிக்குமுன் கணக்கை வெளியிட்டு எல்லாத் தரப்பையும் அழைத்துப் பேச வேண்டும்; ஏற்கெனவே செய்த ஒப்பந்தங்களை நிறைவேற்ற அவகாசம் தர வேண்டும். இதைக் கேட்கும் தகுதி நமக்கு வேண்டுமானால், நம் இருப்புப் பதிவேடும் அன்றன்றைக்குச் சரியாக இருக்க வேண்டும். வணிகப் பெருமக்கள் இதை மனதில் கொள்வார்களாக.