வயிற்று நோய்க்கு யாரிடம் செல்வது?

வெள்ளக்கடை முதலிய சேர்வராயன் மலைக் கிராமங்களில் நாம் சுற்றுப்பயணம் செய்யும்போது, வயிற்றெரிச்சலுக்குக் கடையில் வாங்கிய மாத்திரையையே மாதக்கணக்கில் விழுங்கி வருவோரைக் காண்கிறோம். சேலத்துக்கு இறங்கினால் ஒருநாள் கூலி போய்விடும் என்பர். நியாயமே. ஆயினும் நோய் முற்றியபின் இறங்கினால் பல மாதக் கூலி போகும். ஆகவே எப்போது, யாரிடம் செல்வது என்பதை அறிந்திருத்தல் நலம்.

வயிற்றுக் கோளாறு யாவற்றுக்கும் நிபுணர் தேவையில்லை. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தையோ ஏற்காடு அரசு மருத்துவமனையையோ அணுகலாம். இரைப்பைப் புண் பலவற்றுக்கு ஹெலிகோபாக்டர் என்னும் கிருமியே காரணம். இதனைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய அறிஞர்கள் மார்ஷல், வாரன் இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். அக்கிருமியை ஏறக்குறைய இரண்டு வார மருந்தினால் ஒழிக்கலாம். உடல்வலி மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும். எனவே, விழுங்கி வரும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

விழுங்குவதில் தடை, காரணமின்றி மெலிதல், கண் மஞ்சளித்தல் ஆகியவை தோன்றின் தாமதிக்கலாகாது. இரத்த வாந்தியோ தார்போன்ற கறுத்த மலமோ கண்டால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

நிபுணரிலும் இரு வகையினர் உளர். எம்.டி.க்குப் பின் மூன்றாண்டு பயின்று டி.எம். பட்டம் பெற்றவர் மருந்தாலும் உள்நோக்குக் கருவியாலும் சிகிச்சை செய்பவர், எம்.சிஎச். பெற்றவர் அறுவைச் சிகிச்சை செய்பவர். பெயர்ப் பலகையை மட்டும் நம்பாது, பட்டத்தையும் தமிழ்நாடு மருத்துவ மன்றப் பதிவையும் விசாரித்தல் குற்றமன்று. என்ன பரிசோதனை, எதற்காக, எவ்வளவு செலவு என்பவற்றைப் பொறுமையாக விளக்குபவரே நமக்கு ஏற்றவர்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வோர், புறநோயாளர் நாளைக் கேட்டறிந்து, பரிந்துரைச் சீட்டுடன் புறப்பட்டால் வீண் அலைச்சல் இராது. தனியார் மருத்துவமனையாயின், அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்ததா என்று முன்னரே வினவுக. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அத்திட்டம் உதவும்.

ஊராட்சி உறுப்பினர்கள், காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்களை இம்மாதமே கண்டறிந்து விண்ணப்பிக்கச் செய்க. குடிநீர்த் தொட்டியில் குளோரின் இடுதலையும் கண்காணிப்பீராக. நல்ல நீர் பல வயிற்று நோய்களை வாசலிலேயே தடுத்துவிடும்.