தன் குரலைத் தானே கழிக்கும் பெட்டி

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுக்கு ஆப்பிள் ஹோம்பாட் வாங்கித் தருவதாக அவருடைய மகள் சொல்லியிருக்கிறாள். விலை ரூ. 32,900 என்று கேட்டதும் இவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. “ஒரு சாண்கூட உயரமில்லாத உருண்டைக்கு இவ்வளவு பணமா? மூவாயிரம் ரூபாய் ஸ்பீக்கரும் சொன்னால் பாடத்தானே செய்கிறது?” என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. கூப்பிட்டால் விழித்துக்கொள்வது, பாட்டுப் போடுவது, அலாரம் வைப்பது, விளக்கை அணைப்பது இதையெல்லாம் விலை குறைந்த பெட்டியும் செய்யும். அவற்றை வீட்டுப் பிள்ளைகளே சொல்லித் தருவார்கள். விலை எதனால் ஏறுகிறது, ஏறிய விலைக்குக் கிடைப்பது என்ன என்பதை மட்டும் பார்ப்போம்.

2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை ஹோம்பாடைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது அதன் கனம். உயரம் 168 மி.மீ.தான், எடையோ 2.3 கிலோ. உள்ளே மேல்நோக்கியபடி, பேஸ் ஒலிக்கான 4 அங்குல வூஃபர் ஒன்று இருக்கிறது. அடிப்பகுதியைச் சுற்றி, உச்ச ஒலிகளுக்கான ஐந்து ட்வீட்டர்கள். வூஃபரின் கூம்பு 20 மி.மீ. வரை போய்வரக்கூடியது. இந்த அளவுள்ள கூம்புக்கு அது மிக அதிகம். பேஸ் ஒலிக்குக் காற்றை மொத்தமாகத் தள்ள வேண்டும். கூம்பின் பரப்பு சிறிதென்றால் அது போய்வரும் தூரத்தைக் கூட்டியாக வேண்டும், வேறு வழியில்லை. அத்தனை தூரம் ஓடியும் கோணாமல் திரும்பி வருவதற்கு வலுவான காந்தமும் நுணுக்கமான வேலைப்பாடும் தேவை. பணத்தில் ஒரு பங்கு அங்கே போகிறது.

இன்னொரு பங்கு மைக்குகளுக்கும் அவற்றின் பின்னால் இருக்கும் கணக்குக்கும் போகிறது. அதைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை.

பாட்டு முழங்கிக்கொண்டிருக்கும்போது பத்தடி தள்ளி நின்று, கூப்பிட வேண்டிய பெயரைச் சொல்லி, சாதாரணக் குரலில் நிறுத்தச் சொன்னால் நல்ல ஸ்மார்ட் ஸ்பீக்கர் நிறுத்திவிடும். மைக் இருக்கும் இடத்தை நினைத்துப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும். பாடுகிற கூம்பும் கேட்கிற மைக்கும் ஒரே கூட்டுக்குள், சில அங்குல இடைவெளியில் இருக்கின்றன. தூரம் இரட்டிக்கும்போது ஒலியின் அழுத்தம் பாதியாகிறது. ஒரே வலுவுள்ள இரண்டு ஒலிகளில் ஒன்று 10 செ.மீ. தொலைவிலும் மற்றது 320 செ.மீ. தொலைவிலும் எழுந்தால், தள்ளி எழுந்ததன் ஆற்றல் மைக்கை அடையும்போது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். நம் குரல் அந்த ஆயிரத்தில் ஒன்று. அதிலும் பாட்டின் அளவுக்கு வலுவாக நாம் பேசுவதுமில்லை.

எங்கள் வீட்டில் அம்மா மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டே குக்கர் விசிலை எண்ணுவார். பக்கத்தில் நிற்கும் எனக்கு மிக்ஸியைத் தவிர ஒன்றும் கேட்காது. அந்த இரைச்சல் அவருக்கு மனப்பாடம். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்கக் காது பழகியிருந்தது. பெட்டியும் இதே கழித்தலைத்தான் செய்கிறது, எண்களைக் கொண்டு.

தான் என்ன பாடுகிறோம் என்பது பெட்டிக்குத் துல்லியமாகத் தெரியும். அப்படியானால் மைக்கில் வந்ததிலிருந்து அதை அப்படியே கழித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. மைக்கில் விழுவது பாட்டு மட்டுமல்ல, அறையும் சேர்ந்தே விழுகிறது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகும். நேராக வந்த ஒலிக்குப் பின்னால் சுவரில் பட்டது, கூரையில் பட்டது, பீரோவில் பட்டது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தாமதத்தோடு, ஒவ்வொரு அளவில் தேய்ந்து வந்து சேர்கிறது. இந்தக் கலவையை முன்கூட்டியே ஊகித்தால்தான் கழிக்க முடியும்.

அதற்காகப் பெட்டி ஒரு நீண்ட எண் வரிசையை வைத்துக்கொள்கிறது. “இத்தனை நேரத்துக்கு முன்னால் நான் எழுப்பிய ஒலியில் இப்போது என் காதில் எவ்வளவு விழுகிறது?” என்பதற்கான விடைதான் ஒவ்வோர் எண்ணும். நொடிக்கு 16,000 முறை ஒலியை அளந்து, எதிரொலியை 200 மில்லிநொடி வரை பின்தொடர்வதென்றால் 3,200 எண்கள் வேண்டும். அந்த எண்களை வைத்து ஊகிக்கிறது, கழிக்கிறது, மிஞ்சியதைப் பார்க்கிறது. மிச்சம் இருந்தால் ஊகத்தில் பிழை இருக்கிறதென்று பொருள். ஒவ்வோர் எண்ணையும் துளி திருத்துகிறது. மறுபடியும் ஊகம், கழித்தல், திருத்தம். யாராவது அறையின் குறுக்கே நடந்தாலோ கதவு திறந்தாலோ அந்த அறைக்கான எண்கள் மாறிவிடுகின்றன. ஆகவே இந்த வேலைக்கு ஓய்வே கிடையாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் பேசத் தொடங்கியதும் அந்த மிச்சத்தில் நம் குரலும் கலந்துவிடுகிறது. அதையும் பிழையென்று எண்ணித் திருத்தப் போனால் பாடுபட்டுச் சேர்த்த எண்களெல்லாம் குலைந்துபோகும். எனவே யாரோ பேசுகிறார்கள் என்ற சந்தேகம் எழுந்த கணமே, திருத்துவதை நிறுத்திவிட்டுக் கழிப்பதை மட்டும் தொடர வேண்டும். வாயை மூடாமலே காதைத் தீட்டிக்கொள்ளும் இந்த வித்தையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இது ஸ்மார்ட் ஸ்பீக்கருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதுமல்ல. வெளிநாட்டுக்கு டிரங்க் கால் போட்டுப் பேசிய தலைமுறைக்குத் தெரியும்: நாம் பேசியதே சற்றுப் பொறுத்து நம் காதில் திரும்பி வந்து விழும், அடுத்த வார்த்தை தடுமாறும். ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போய், மறுமுனையில் கசிந்து, மீண்டும் அதே வழியாகத் திரும்ப அரை நொடி ஆகிவிடும். ஒருவர் பேசும்போது மற்றவரின் வழியை அடைத்துவிடுவதுதான் பழைய தீர்வு. அதனால் பேச்சு துண்டு துண்டாகும். 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கெல்லியும் பெஞ்சமின் லோகனும் வேறு வழி யோசித்தார்கள். அடைப்பதற்குப் பதிலாக எதிரொலியை ஊகித்துக் கழித்துவிடலாம் என்றார்கள். லோகன் அமெரிக்க நாட்டுப்புற இசையில் பேர்போன வயலின் கலைஞரும்கூட. அவர்களோடு பணியாற்றிய மன்மோகன் சோந்தி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர். தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் எதிரொலி நீக்கியைப் பற்றி 1967-இல் அவர் எழுதிய கட்டுரை இத்துறையின் அடிப்படை நூல்களோடு வைத்து எண்ணப்படுகிறது. எண்களைத் துளித்துளியாகத் திருத்தும் எளிய முறையை 1960-இல் ஸ்டான்ஃபோர்டில் பெர்னார்ட் விட்ரோவும் அவருடைய மாணவர் டெட் ஹாஃபும் வகுத்திருந்தார்கள். அதே ஹாஃப்தான் பிற்பாடு இன்டெல்லின் முதல் நுண்செயலி உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். இத்தனை பேரின் மூளை நம் வரவேற்பறை அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கேதான் விலைக்கும் வருகிறோம். மேலே சொன்ன ஊகம் பலிக்க வேண்டுமானால், கூம்பு தனக்கு வந்த மின்சமிக்ஞைக்கு அளவொத்து அசைய வேண்டும். மலிவான கூம்பைச் சத்தமாகப் பாட வைத்தால் அது திணறுகிறது, கொடுத்ததில் இல்லாத ஒலிகளைத் தானாகச் சேர்க்கிறது. அந்தக் கரகரப்பு ஊகத்துக்குள் வராததால் கழிபடாமல் மிஞ்சி நம் குரலை மூழ்கடிக்கிறது. விலை குறைந்த பெட்டியிடம் நாம் கத்த வேண்டியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதாவது நன்றாகப் பாடத் தெரிந்த பெட்டிக்கே நன்றாகக் கேட்கவும் முடிகிறது. கூம்புக்குச் செலவழித்த காசு காதுக்கும் சேர்ந்தே உதவுகிறது.

தன் ஒலி அறையில் என்ன ஆகிறது என்று கேட்கத் தெரிந்துவிட்டால் இன்னொன்றும் கைகூடும். பன்னிரண்டடி நீளமுள்ள நம் அறைகளில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 47, 48 ஹெர்ட்ஸ் ஒலி சிக்கிக்கொண்டு நிற்கும். அந்தச் சுரம் வரும்போது மட்டும் அறை முழுக்க ‘உம்’ என்று வீங்கும். மொசைக் அல்லது டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கம்பளம் என்ற பேச்சே இல்லாத நம் வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம். மூலையில் வைத்தால் இன்னும் கூடும். ஹோம்பாடின் உள்ளே இதைக் கவனிப்பதற்கென்றே தனியாக ஒரு மைக் இருக்கிறது. பேஸ் வீங்குவதை அறிந்து அங்கே குறைத்துக்கொள்கிறது. இடம் மாற்றி வைத்தால் அதை உணர்ந்து மறுபடி அளக்கிறது. ஆனால் தேக்கு டீப்பாயின் மேல் அப்படியே வைக்காதீர்கள். 2018-இல் வந்த முதல் ஹோம்பாடின் சிலிக்கான் அடிப்பாகம் எண்ணெய் மெருகு போட்ட மரத்தில் வெள்ளை வளையம் பதித்தது. கீழே ஒரு துணி விரித்தால் போதும்.

இனி இணைப்பு. இங்கே என் உற்சாகம் குறைகிறது. ஹோம்பாடை இயங்கச் செய்யவே ஐஃபோனோ ஐபேடோ வேண்டும். வாசகியின் வீட்டில் என்ன ஃபோன் என்று கடிதத்தில் இல்லை. ஆண்ட்ராய்டு என்றால் இந்தப் பேச்சை இங்கேயே நிறுத்திவிடலாம். புளூடூத் உள்ளே இருக்கிறது, ஆனால் அதன் வழியாக உங்கள் ஃபோனிலிருந்து பாட்டு அனுப்ப முடியாது. மைக்கை அணைக்கத் தனிப் பொத்தான் இல்லை, அதுவும் எனக்கு ஒப்பவில்லை. வைஃபை பழைய தலைமுறையைச் சேர்ந்தது என்று சிலர் குறை சொல்வதை மட்டும் பொருட்படுத்த வேண்டாம். சி.டி. தரத்தில் பாட்டுக் கேட்க நொடிக்கு 1.4 மெகாபிட் போதும். பேட்டரி இல்லாததால் மின்சாரம் போனால் பாட்டும் போகும். வந்த பிறகும் ரௌட்டர் தயாராகும்வரை காத்திருக்க வேண்டும்.

எனக்குப் பெரிய மனக்குறை அதன் பின்பக்கத்தைப் பற்றியது. ஆடியோ வயர் செருக ஒரு துளைகூட இல்லை. எண்பதுகளில் அப்பா வாங்கிய ஒரு ஜோடி ஸ்பீக்கர் பாக்ஸ் எங்கள் வீட்டில் இன்னும் பாடுகிறது. கூம்பின் விளிம்பு மட்டும் நைந்துபோய், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாற்றினோம். ரெக்கார்டு பிளேயர், கேசட், சி.டி., இப்போது ஃபோன் என்று எதை இணைத்தாலும் அந்த இரண்டு வயர் போதும். நல்ல கூம்புக்கு முப்பது நாற்பது ஆண்டு ஆயுள். அதனோடு ஒட்டவைத்த கணினிக்கோ அதன் நிறுவனம் மனம் வைக்கும்வரைதான் ஆயுள். 2017 கடைசியில் 399 டாலருக்கு வந்த கூகுள் ஹோம் மேக்ஸின் உற்பத்தி 2020-இல் நின்றது. அதே 2017-இல் 199 டாலருக்கு வந்த ஹார்மன் கார்டன் இன்வோக்கில் பேசிய கோர்ட்டானா என்ற குரல் உதவியாளர் 2021-இல் விலக்கப்பட்டது. இவை இரண்டுக்கும் வேறு வழியில் பாட்டு அனுப்ப முடியும் என்பதால் ஸ்பீக்கராகவாவது பிழைத்தன. சோனோஸ் நிறுவனம் ஒருகாலத்தில் பழைய ஸ்பீக்கரை வைத்திருப்போருக்குப் புதியதில் 30 சதவீதம் தள்ளுபடி தந்தது. பழையதை ‘மறுசுழற்சி நிலை’க்கு மாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. மாற்றினால் 21 நாளில் அது நிரந்தரமாகச் செயலிழந்துவிடும். கூம்பு, காந்தம், பெட்டி எல்லாம் பழுதில்லாமல் இருக்கும்போதே மென்பொருளால் அதைச் சாகடித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியபின் 2020 மார்ச்சில் அந்த நிபந்தனையைக் கைவிட்டார்கள். பாடக்கூடிய ஒன்றைக் குப்பையாக்கி அதற்குத் தள்ளுபடி கொடுப்பதை என்னால் வியாபாரம் என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நியாயமாகச் சொன்னால், முதல் ஹோம்பாடுக்கு ஆப்பிள் பல ஆண்டுகள் மென்பொருள் அனுப்பியது. ஆனால் அது அவர்கள் விருப்பம். வாங்கியவர் கையில் ஏதாவது இருக்க வேண்டுமென்றால் ஒரு துளை வேண்டும்.

2019-இல் வந்த அமேசான் எக்கோ ஸ்டுடியோவில் அந்தத் துளை இருக்கிறது. 3.5 மி.மீ. ஆடியோ வயரும், டி.வி.யிலிருந்து வரும் ஆப்டிகல் வயரும் அதே துளையில் செருகலாம். இந்தியாவில் ரூ. 22,999-க்கு அறிமுகமானது, எடை 3.5 கிலோ. 2023-இல் 449 டாலருக்கு வந்த சோனோஸ் எரா 300-இல் யு.எஸ்.பி.-சி வழியாக வயர் இணைப்புத் தரலாம், அதற்கான அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டும். அதில் புளூடூத்தும் வேலை செய்யும்.

எதை வாங்குவதானாலும் கடையில் பத்து நிமிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். நன்றாகத் தெரிந்த பாட்டாக இருக்கட்டும். பேஸ் கிட்டார் நடமாடும் எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அந்தக் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறதா, எல்லாம் ஒரே ‘தும்’ ஆகிறதா என்று கவனியுங்கள். பிறகு சத்தத்தை முக்கால்வாசிக்கு ஏற்றிவிட்டு, பத்தடி தள்ளிப் போய், வேறு பக்கம் திரும்பி நின்று, வீட்டில் பேசுகிற குரலிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். விற்பனையாளர் தன் ஃபோனில் நிறுத்திக் காட்ட வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள்.