லிங்கன் வம்சத்தின் ஏழு தலைமுறை

1859ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இல்லினாய்ஸ் மாகாணத்து வழக்கறிஞர் ஒருவர், ஜெஸ்ஸி ஃபெல் என்ற நண்பரின் வேண்டுகோளுக்கிணங்கித் தம் வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆபிரகாம் லிங்கனே அவர். தம் பாட்டனாரின் பெயரும் ஆபிரகாம் என்பதும், அவர் வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கிக்குக் குடிபெயர்ந்து அங்கே பூர்வகுடிகளால் கொல்லப்பட்டார் என்பதும், அவருடைய முன்னோர்கள் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் ஜில்லாவிலிருந்து வந்த க்வேக்கர் சமயத்தினர் என்பதுமே தந்தை வழியைப் பற்றி அவர் அறிந்திருந்த செய்திகள். நியூ இங்கிலாந்தில் வாழ்ந்த அதே பெயருடைய குடும்பத்தோடு தம் குடும்பத்தை இணைத்துக் காணச் செய்த முயற்சி, ஈனோக், லீவை, மொர்தெகாய், சாலமன், ஆபிரகாம் என்ற பெயர்கள் இரு குடும்பங்களிலும் வழங்கி வருகின்றன என்ற ஒற்றுமைக்கு மேல் எதையும் நிலைநாட்டவில்லை என்று அவர் அதில் குறிப்பிட்டார்.

கல்வியும் ஞாபக சக்தியும் சத்திய நாட்டமும் நிரம்பிய ஒரு மனிதருக்கே தம் பாட்டனாரின் தகப்பனார் இன்னார் என்று உறுதியாகக் கூற இயலவில்லை என்றால், அதற்குக் காரணம் அவருடைய அசிரத்தையன்று; அவர் பிறந்த குடும்பத்தின் வாழ்க்கை முறையே அதற்குக் காரணம். கிழக்குக் கடற்கரையில் கால் வைத்த நாள் முதல், தலைமுறைக்கு ஒருமுறையேனும் மேற்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ பெயர்ந்து சென்ற எல்லைப்புறக் குடியேறிகளுக்கு, ஒவ்வொரு பிரயாணமும் ஒரு புதிய நிலத்தைத் தந்தது. ஒரு பழைய ஞாபகத்தை எடுத்துக்கொண்டது. அண்ணன் ஓர் ஊரிலும் தம்பி முந்நூறு மைலுக்கு அப்பாலும், தந்தையின் கல்லறை மூன்றாவதோர் ஊரிலுமாகச் சிதறிப் போன பிறகு, வாய்வழிச் செய்தி இரண்டு தலைமுறைக்கு மேல் தாங்கவில்லை. அத்தகைய குடும்பம் ஒன்றின் வம்சாவளியைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் எவ்வாறு மீட்டனர் என்பதை அறிய, லிங்கன் குடும்பத்தைக் காட்டிலும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இன்று நாம் அறிந்துள்ளபடி, இங்கிலாந்தின் நார்ஃபோக் பிரதேசத்தில் ஹிங்ஹாம் என்னும் ஊரில் 1622ஆம் ஆண்டு ஞானஸ்நானம் பெற்ற சாமுவேல் லிங்கன், பிரான்சிஸ் லாஸ் என்ற நெசவாளரிடம் தொழில் பயிலும் இளைஞனாக 1637ஆம் ஆண்டு கப்பலேறி, மாசசூசெட்ஸ் சேர்ந்து, தாய்நாட்டு ஊரின் பெயரையே தாங்கிய புதிய ஹிங்ஹாமில் குடியமர்ந்தார். கப்பலேறும்போது எழுதப்பட்ட பதிவில் அவருடைய வயது 18 என்று காண்கிறது. ஞானஸ்நானப் பதிவின்படியோ 15க்கு மேல் இருக்க நியாயமில்லை. முதற் பதிவிலேயே வயது முரண்படுகிறதென்றால், பின்னால் வருவனவற்றில் எத்தனை எச்சரிக்கை வேண்டும் என்பது விளங்கும். மேலும், அப்புதிய ஊரில் தாமஸ் லிங்கன் என்ற பெயருடையவர் மட்டும் நால்வர் இருந்தனர். ஊரார் அவர்களை மாவு ஆலைத் தாமஸ், நெசவாளத் தாமஸ், பீப்பாய் செய்யும் தாமஸ், உழவுத் தாமஸ் என்று தொழிலால் வேறு பிரித்தே அழைத்தனர். ஒருவரை மற்றொருவராக மயங்கினால் வம்சம் முழுவதும் திசை மாறிப் போய்விடும். அவர்களுள் நெசவாளத் தாமஸே சாமுவேலின் உடன்பிறந்தவர்.

சாமுவேலின் மகன் மொர்தெகாய் இரும்புத் தொழிலில் ஈடுபட்டு, மாசசூசெட்ஸிலேயே வாழ்ந்து மறைந்தார். அவருடைய மகன், தந்தையின் பெயரையே கொண்ட இரண்டாவது மொர்தெகாய், நியூ ஜெர்ஸிக்குச் சென்று அங்கே ஹன்னா சால்டர் என்ற பெண்ணை மணந்து, 1720ஆம் ஆண்டையொட்டிப் பென்சில்வேனியாவுக்குப் பெயர்ந்து இரும்புப் பட்டறை ஒன்றில் பங்கு கொண்டார். 1733இல் அவர் கட்டிய கல்வீடு இன்றும் பெர்க்ஸ் ஜில்லாவில் நிற்கிறது. அவருடைய மகன் ஜான் 1768இல் வர்ஜீனியாவின் லின்வில் ஓடைக் கரையில் நிலம் வாங்கிக் குடியேறினார். ஜானின் மகனே ஜனாதிபதியின் பாட்டனாரான காப்டன் ஆபிரகாம். அவருடைய கடைசி மகன் தாமஸ். தாமஸின் மகன் ஜனாதிபதி. இவ்வாறு ஏழு தலைமுறைகளில் ஏழு மாகாணங்களை அக்குடும்பம் கடந்தது.

இந்தத் தொடரில் மிகப் பலவீனமாக இருந்த கண்ணி, வர்ஜீனியா ஜானுக்கும் பென்சில்வேனியா மொர்தெகாய்க்கும் இடைப்பட்டதே. ஜனாதிபதி தாமே 1848ஆம் ஆண்டில், காங்கிரஸ் சபை அங்கத்தினராக இருந்த காலத்தில், ஹிங்ஹாமின் வரலாற்றை எழுதியவரான சாலமன் லிங்கனுக்கும், வர்ஜீனியாவில் எஞ்சியிருந்த உறவினர் டேவிட் லிங்கனுக்கும் கடிதங்கள் எழுதி விசாரித்துப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரத்துக்குச் சொற்பொழிவாற்றச் சென்றபோது, அம்மாகாணத்தின் முன்னாள் கவர்னரான லீவை லிங்கனின் மாளிகையில் விருந்துண்டார். விருந்தளித்தவரும் விருந்துண்டவரும் சாமுவேல் என்ற ஒரே மூதாதையின் சந்ததியினர். ஆனால் அதை நிரூபிக்கும் சாசனம் அன்று இருவர் கையிலும் இல்லை.

அச்சாசனம் உயில் வடிவத்தில் இருந்தது. 1736இல் மறைந்த மொர்தெகாய், தம் மூத்த மகனாகிய ஜானுக்கு நியூ ஜெர்ஸியிலிருந்த நிலத்தை உரிமையாக்கி எழுதி வைத்திருந்தார். அந்நிலத்தை ஜான் பிற்காலத்தில் விற்றபோது, எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம் அவரை இன்னார் மகன் என்றும் நிலம் அவருக்கு இவ்வழியாக வந்ததென்றும் கூறியது. நிலம் வாங்குபவன் தன் உரிமைக்குக் குந்தகம் வராதிருக்கும் பொருட்டுக் கேட்டு வாங்கிய சில வரிகள், ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னர், ஜனாதிபதி ஒருவரின் பரம்பரைக்கு அத்தாட்சியாயின. சாமுவேல் ஷாக்ஃபோர்டு என்பவர் இத்தகைய பத்திரங்களைத் தேடித் தொகுத்து, 1845இல் பாஸ்டனில் தோன்றிய நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கத்தின் ஏட்டில் 1887ஆம் ஆண்டு வெளியிட்டார். லீ, ஹட்சின்சன் என்ற இருவர் 1909இல் வெளியிட்ட நூல் இங்கிலாந்து வழியையும் ஆராய்ந்து காட்டியது. ஜனாதிபதி கொலையுண்டது 1865இல். ஆதலால், தாம் பிறந்த வம்சத்தின் உண்மையான வரலாற்றை அறியாமலேயே அவர் மறைந்தார்.

எல்லைப்புறத்து ஆவணங்களைத் தேடுவோர்க்கு ஏற்படும் இடையூறுகள் பல. முதலாவது, பெயரின் எழுத்து. எழுதுபவர் தம் செவிக்கு எட்டியபடி எழுதினார். காப்டன் ஆபிரகாமுக்குக் கென்டக்கியில் 1785ஆம் ஆண்டு அளந்து கொடுத்த நானூறு ஏக்கர் நிலத்தின் பத்திரத்தில் அவர் பெயர் லிங்க்ஹார்ன் என்று காணப்படுகிறது. லிங்கன் என்ற எழுத்தை மட்டும் தேடுகிறவர் அவரைக் காணவே மாட்டார். அதே பத்திரம் மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. பாட்டனார் 1782ஐ ஒட்டிக் கென்டக்கி சென்று இரண்டு ஆண்டுகளில் கொல்லப்பட்டார் என்பது குடும்பத்து ஐதிகம். 1785இல் அவர் பெயரால் நிலம் அளக்கப்பட்டிருப்பதால் அந்த ஐதிகம் நிலைக்கவில்லை. 1786 மே மாதமே அவர் உயிர் நீத்த காலம் என்று ஆராய்ச்சியாளர் முடிவு செய்துள்ளனர்.

இந்த ஆண்டுக் கணக்கு அற்ப விஷயமன்று. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் ஒரு பகுதி. உயில் எழுதாமல் இறந்தவனின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே சேரும் என்ற புராதன விதியை வர்ஜீனியா ரத்து செய்த சட்டம் 1787ஆம் ஆண்டுத் தொடக்கத்தில்தான் அமலுக்கு வந்தது. காப்டன் ஆபிரகாம் அதற்குச் சில மாதங்கள் முன்னதாக மாண்டதால் சொத்து மூத்தவரான மொர்தெகாயைச் சேர்ந்தது. தந்தையைக் கொன்ற தாக்குதலில் அண்ணன் மொர்தெகாயின் துப்பாக்கியால் உயிர் தப்பிய சிறுவன் தாமஸ் ஏதுமற்றவராகக் கூலி வேலை செய்து வளர்ந்தார். ஜனாதிபதியின் இளமையைச் சூழ்ந்திருந்த வறுமையின் வேர் ஒரு மரண தேதியிலும் ஒரு சட்டத்திலும் இருக்கிறது என்பதை வம்சாவளி ஆராய்ச்சியே நமக்கு உணர்த்துகிறது.

இரண்டாவது இடையூறு, இடையறாது மாறிய எல்லைகள். ஜான் வாங்கிய நிலம் அப்போது அகஸ்டா ஜில்லாவில் இருந்தது. 1778இல் அது ராக்கிங்ஹாம் ஜில்லாவாயிற்று. ஜனாதிபதி பிறந்த இடம் 1809இல் ஹார்டின் ஜில்லா. இன்று லாரூ ஜில்லா. பத்திரம் எழுதப்பட்ட நாளில் அவ்வூர் எந்த ஜில்லாவுக்கு உட்பட்டிருந்தது என்று அறிந்து, அந்த ஜில்லாவின் நீதிமன்றத்தில்தான் தேட வேண்டும். இவ்விதியை மறந்ததால் விளைந்த துன்பத்துக்கு லிங்கனின் பெற்றோர் திருமணமே சாட்சி. தாமஸ் லிங்கனும் நான்சி ஹாங்க்ஸும் வாழ்ந்தது ஹார்டின் ஜில்லாவாதலால் திருமணப் பதிவை அங்கே தேடியவர்கள் காணாது திரும்பினர். எனவே அவர்கள் முறைப்படி மணந்தவர்களே அல்லர் என்ற அபவாதம் பரவிற்று. அவர்கள் 1806 ஜூன் 12ஆம் தேதி மணந்துகொண்டது பக்கத்திலிருந்த வாஷிங்டன் ஜில்லாவில். திருமண ஜாமீன் பத்திரமும், மணம் செய்துவைத்த குரு ஜெஸ்ஸி ஹெட் அனுப்பிய பதிவும் அந்த ஜில்லாவின் நீதிமன்றத்திலேயே பத்திரமாக இருந்து, மகன் மறைந்து பத்தாண்டுகளுக்கு மேலான பின்னர் வெளிப்பட்டன. ஒரு தாயின் மானத்தைக் காத்தது, தூசி படிந்த கட்டுக்குள் கிடந்த ஒரு காகிதம்!

மூன்றாவது, ஆவணங்களின் அழிவு. அமெரிக்காவில் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு 1790இல் தொடங்கியது. ஆயினும் 1840 வரையில் குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினர். 1850 முதல்தான் வீட்டிலுள்ள, அடிமைகள் அல்லாதோர் அனைவர் பெயரும் எழுதப்பட்டன. கென்டக்கியின் 1790, 1800 கணக்குகள் அழிந்து போயின. அவற்றின் இடத்தை வரிப் பட்டியல்களே நிரப்புகின்றன. 1890ஆம் ஆண்டுக் கணக்கின் பெரும் பகுதி 1921இல் நிகழ்ந்த தீவிபத்தை அடுத்து அழிந்தது. இத்தகைய சூனியங்களைக் கடக்க அனுபவசாலிகள் கையாளும் உபாயம், தேடப்படுபவரை விட்டு அவருடைய அண்டை வீட்டாரைத் தொடர்வதாகும். எல்லைப்புறத்துக்கு எவரும் தனியே போகவில்லை. சகோதரர், மைத்துனர், பக்கத்து நிலத்துக்காரர் எனக் கூட்டமாகவே போயினர். பெர்க்ஸ் ஜில்லாவில் லிங்கன்களின் அயலாரான பூன் குடும்பத்தாரோடு அவர்கள் மணவுறவும் கொண்டிருந்தனர். அக்குடும்பத்து டேனியல் பூன் 1775இல் கம்பர்லண்டு கணவாய் வழியாகக் கென்டக்கிக்குப் பாதை வெட்டிய சில ஆண்டுகளிலேயே காப்டன் ஆபிரகாமும் கென்டக்கி சேர்ந்தார்.

நிலமே இக்குடும்பத்தைத் துரத்திக்கொண்டும் இருந்தது. கென்டக்கியில் மரத்தையும் பாறையையும் ஓடையையும் எல்லையாகச் சொல்லி அவரவர் அளந்துகொண்டமையால் ஒரே நிலத்துக்குப் பலர் உரிமை கொண்டாடினர். தாமஸ் வாங்கிய மூன்று பண்ணைகளும் வழக்கிற்குள்ளாயின. ஆகவே 1816 டிசம்பரில் அவர் ஓஹையோ நதியைக் கடந்து இண்டியானா சென்றார். அங்கே 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசாங்கம் ஆறு மைல் சதுரங்களாகவும், அவற்றுள் 640 ஏக்கர் கொண்ட 36 பிரிவுகளாகவும் நிலத்தை அளந்து விற்றதால் உரிமையில் சந்தேகமில்லை. அடிமை முறை இன்மையும் ஒரு காரணமெனினும், நில உரிமைத் தகராறே முதற்காரணம் என்று மகன் பின்னர் எழுதினார். அங்கே 1818இல் நான்சி நச்சுப் பாலால் நேர்ந்த நோயில் இறந்தார். 1830இல் குடும்பம் இல்லினாய்ஸ் சேர்ந்தது. தாமஸின் மகனே 1862 மே 20ஆம் தேதி, ஐந்தாண்டு வாழ்ந்து பயிரிடுபவனுக்கு 160 ஏக்கர் அளிக்கும் வீட்டுநிலச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அச்சட்டத்தின் கீழ்ப் பட்டா பெற்றோர் சுமார் 16 லட்சம் பேர். வீட்டின் அளவு, விளைந்த பயிர், சாட்சிகளின் வாக்குமூலம் ஆகியவை அடங்கிய அவர்களுடைய கோப்புகள், பிற்காலச் சந்ததியினர்க்கு இன்று பெரும் நிதியாய் உள்ளன.

ஆனால் இந்நிதி எல்லோருக்கும் உரியதன்று என்பதை மறக்கலாகாது. பட்டாவாக மாறிய அந்த நிலங்கள் முன்பு பூர்வகுடிகளின் வேட்டைக் காடுகளாகவும் வாழிடங்களாகவும் இருந்தவை. காப்டன் ஆபிரகாமின் மரணமும் அந்த மண்ணுக்காக நடந்த போராட்டத்தின் ஒரு நிகழ்ச்சியே. அடிமைகளின் நிலையோ இதனினும் கொடியது. 1850, 1860ஆம் ஆண்டுக் கணக்குகளில் எஜமானனின் பெயரின் கீழ் வயது, பால், நிறம் என்ற அளவில் அவர்கள் எண்ணப்பட்டார்களேயன்றிப் பெயர் எழுதப்படவில்லை. அவர்களுடைய சந்ததியினர் தேடிச் செல்லும்போது, விடுதலைக்குப் பின் எடுக்கப்பட்ட 1870ஆம் ஆண்டுக் கணக்கோடு பலருக்கு வழி அடைபட்டு நிற்கிறது. சாமுவேலின் ஞானஸ்நானம் வரை ஒரு குடும்பம் செல்ல முடிவதும், பாட்டியின் பெயருக்கு மேல் மற்றொரு குடும்பம் செல்ல முடியாமற் போவதும், அறிவின் வேறுபாட்டால் அன்று. எழுதப்படும் உரிமை ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு மறுக்கப்பட்டமையால்.

லிங்கன் வம்சத்தை ஆராய்ந்தவர்கள் நமக்கு விட்டுச் சென்ற படிப்பினை ஒன்று உண்டு. ஹிங்ஹாம் லிங்கன்களுள் மாகாண கவர்னர்களும் மத்திய மந்திரியும் இருந்தனர். அக்கீர்த்தியைத் தமதாக்கிக்கொள்வது ஜனாதிபதிப் பதவிக்கு நிற்கும் ஒருவருக்கு எவ்வளவு அனுகூலம்! ஆயினும் அத்தாட்சி இல்லாத உறவை அவர் பாராட்டிக்கொள்ளவில்லை. கிடைத்தவரை எழுதி, கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே எழுதினார். உயிலும் கிரயப் பத்திரமும் கிடைத்த பின்னர் அந்த உறவு மெய்யென்று தேர்ந்ததால் அவருடைய நிதானம் குறைபட்டதாகாது. அதன் பெருமையே உயர்கிறது. வம்சாவளி எழுதப் புகும் எவரும் பெயரோடு ஊரையும், ஊரோடு ஆண்டையும், ஆண்டோடு அதற்குரிய ஆதாரத்தையும் சேர்த்து எழுதுக; ஆதாரம் அகப்படாத இடத்தை, அகப்படும் வரையில் வெறுமையாகவே விடுக.