அச்சம் போகும், ஐயம் போகாது

அரியலூரில் கொலைப் படம் பார்த்துவிட்டுக் கீழப்பழுவூருக்குப் பேருந்தில் திரும்பும் நண்பர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கத்தி பாய்ந்தபோது சிரித்தவர்கள்கூட வழியில் பேச்சடங்கிவிடுவார்கள். ஏன்?

திடீர் ஓசைக்குக் கண் இமைப்பது அனிச்சைச் செயல், நொடியில் அடங்கிவிடும். அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடப்பதும் சிறிது நேரமே. ஐயம் அப்படியன்று.

1997இல் வெளிவந்த 'ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்' என்னும் அமெரிக்கப் படத்தில், தங்கள் கார் மோதி விழுந்தவரை நான்கு நண்பர்கள் கடலில் தள்ளிவிட்டு, வெளியே சொல்வதில்லை எனச் சத்தியம் செய்கிறார்கள். ஓராண்டு கழித்து ஒரு கடிதம் வருகிறது. எழுதியது யார்? நால்வரில் ஒருவரா? 2003இல் வந்த 'குச் தோ ஹை' இந்திப் படமும் இதே வழிதான். (நடுவே பாட்டுகள் வந்து நம்மைக் காப்பாற்றும்!)

அச்சம் வந்தால் பக்கத்திலிருப்பவரை ஒட்டிக்கொள்வது மனித இயல்பு. இங்கோ ஒட்டிக்கொள்ள வேண்டியவர்மீதே ஐயம். நண்பன் இறந்தால் வாய்விட்டுக் காரணம் சொல்லி அழவும் அந்த இரகசியம் விடுவதில்லை.